களரி வெளிச்சத்தில் சிரிப்பு

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நகைநாடகம். மட்டக்களப்பு வாவிக்கரையில் இயங்கும் ஒரு நாடகக் குழு, உலகம் கொண்டாடும் பழைய நகைநாடகம் ஒன்றைப் போட முன்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எங்கே ஏற்றுவது? எப்படி ஏற்றுவது? எந்தச் சனத்துக்காக ஏற்றுவது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை மண்டபத்தின் இருட்டில் ஏற்ற வேண்டாம். வட்டக்களரியில், கூத்தரின் முகமும் சபையின் முகமும் ஒரே வெளிச்சத்தில் தெரிய, தென்மோடிக் கூத்தின் ஆட்டத்தில் ஏற்றுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன்? காரணங்களை ஒவ்வொன்றாக உங்கள் முன் வைக்கிறேன். எதிர்த்துச் சொல்லக்கூடியவற்றையும் மறைக்காமல் வைக்கிறேன். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

முதலில், கூத்துக்கும் சிரிப்புக்கும் என்ன உறவு என்று பார்ப்போம். கூத்து என்றதும் நம் மனக்கண்ணில் வருவது எது? கரப்புடுப்பும் முடியும் தரித்து, வில்லும் வாளும் ஏந்தி, களரி அதிர ஆடிவரும் வடமோடிக் கர்ணனும் வீமனும்தான். வீரம், வஞ்சினம், விடியற்காலையில் ஒரு மரணம், பெண்களின் ஒப்பாரி. இதுதான் கூத்து என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் கூத்தின் இலக்கணம் இதோடு முடிகிறதா? மெய்ப்பாடு எட்டு என்று வகுத்த தொல்காப்பியர், நகையைத்தானே முதலில் வைத்தார்? அழுகை அதற்குப் பின்னால்தான் வருகிறது. பெருமிதம் இன்னும் பின்னால் வருகிறது. அந்த நகை எவற்றில் பிறக்கும் என்றும் அவர் நான்கு வழி காட்டினார். பிறரை எள்ளுவது ஒன்று, இளமையின் விளையாட்டு ஒன்று, பேதைமை ஒன்று, மடமை ஒன்று. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லாரும் கூத்தை இரண்டிரண்டாக வகுத்துக்கொண்டு போகும்போது, புகழ்க்கூத்துக்கு இணையாக வசைக்கூத்து என்று ஒன்றை நிறுத்துகிறார். புகழுக்கு ஒரு கூத்து இருந்தால் வசைக்கும் ஒரு கூத்து உண்டு! ஆகவே சிரிப்பு என்பது கூத்தில் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட தூசி என்று யாராவது சொன்னால், அவர் நம் இலக்கணத்தின் முதல் ஏட்டையே புரட்டவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏடு கிடக்கட்டும், ஊரைப் பார்ப்போம். பேராசிரியர் சி. மௌனகுரு ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ என்ற தம் ஆய்வில் இந்த மண்ணின் ஆடல் வகைகளை எல்லாம் நிரல்படுத்திக் காட்டியிருக்கிறார். வடமோடி, தென்மோடி, விலாசம் ஆகியவற்றோடு பறைமேளக்கூத்து, மகிடிக்கூத்து, வசந்தன்கூத்து என்று நீளும் வரிசை அது. மகிடியை எடுத்துக்கொள்ளுங்கள். மந்திரவாதிகளுக்குள் போட்டி. கும்பத்தை எடுக்க ஒருவர் வருவார், தடுக்க ஒருவர் நிற்பார். மந்திரம் பலிக்கும், பொய்க்கும், விழுவார்கள், எழுவார்கள். சுற்றி நிற்கும் சனம் வயிறு குலுங்கச் சிரிக்கும். எழுதிவைத்த பேச்சைவிட அந்த நேரத்தில் வாயில் வரும் பேச்சுக்கே அங்கே மதிப்பு அதிகம். தென்மோடிக்கு வாருங்கள். வடமோடிக் கதைகள் பெரும்பாலும் போரில் முடியும். தென்மோடிக் கதைகளோ பெரும்பாலும் காதலில் தொடங்கிக் கல்யாணத்தில் முடியும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பதிப்பித்துத் தந்த அலங்காரரூபன் நாடகம் தென்மோடிதான். இப்போது நான் ஒன்று கேட்கிறேன். ஷேக்ஸ்பியரின் நகைநாடகங்கள் பெரும்பாலும் எதில் முடிகின்றன? கல்யாணத்தில்! பிரிந்தவர் கூடுவர், மறைந்தவர் வெளிப்படுவர், ஒன்றுக்கு இரண்டு மூன்று மணவினைகள் நடக்கும். ஐயாயிரம் கல்லுக்கு அப்பால் இலண்டனில் ஒருவர் எழுதிய நாடகத்தின் முடிவும், இங்கே கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் கொப்பியில் இருக்கும் நாடகத்தின் முடிவும் ஒன்றாக இருக்கின்றன. இது யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஆனால் அந்த நாடகம் இங்கே வந்தால் தங்குவதற்கு ஏற்கனவே ஒரு வீடு இருக்கிறது என்பதை இது காட்டுகிறது அல்லவா?

அந்த வீட்டின் கதவைத் திறந்து வைத்தவரும் நம் ஊரவர்தான். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1926இல் ‘மதங்க சூளாமணி’ என்ற நூலை மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியே வெளியிட்டார். மதங்கர் என்றால் கூத்தர். கூத்தருக்கு முடிமணி என்று பெயர் வைத்தார். அந்த நூல் மூன்று இயல்களாக அமைந்தது. உறுப்பியலில் தமிழ் நாடக இலக்கணம். ஒழிபியலில் வடமொழித் தனஞ்சயரின் தசரூபகம். இரண்டுக்கும் நடுவே எடுத்துக்காட்டியலில் ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்கள். அடியார்க்குநல்லாரையும் தனஞ்சயரையும் இரண்டு பக்கம் அமர்த்தி, நடுவில் ஆங்கிலப் புலவனை அமர்த்தினார் அடிகள். அவனுக்குச் செகசிற்பியார் என்று ஒரு தமிழ்ப் பெயரும் சூட்டினார். ரோமியோவை இரம்மியன் ஆக்கினார், ஜூலியட்டைச் சுசீலை ஆக்கினார். வெனிஸ் நகரத்து வணிகனும் அந்தப் பன்னிரண்டில் உண்டு. அடிகள் செய்து காட்டியது என்ன? வெளியிலிருந்து வரும் நாடகத்தைக் கைகட்டி நின்று வாங்காதே, உன் இலக்கணத்தால் அளந்து வாங்கு என்பதைத்தான். ஏறத்தாழ நூறு ஆண்டு ஆகிவிட்டது. நூல் இருக்கிறது, வழி இருக்கிறது. அந்த வழியில் களரி வரைக்கும் நடந்து வருவதுதான் மிச்சம்.

நடந்தவர்களே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். 1956இல் பேராசிரியர் சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றியபோது சிங்கள நாடக உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர் கையாண்ட ‘நாடகம’ என்னும் சிங்கள வடிவத்தின் வேர், நம் கூத்தில் இருந்தது. நம் விதையில் பக்கத்து வீட்டில் மரம் வளர்ந்திருக்க, நம் முற்றம் வெறுமையாகக் கிடப்பதா? அந்தக் கேள்வியோடுதான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வித்தியானந்தன் கூத்தைக் கையில் எடுத்தார். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து மாணவருக்கு ஆட்டம் பழக்கினார். 1962இல் கர்ணன் போர் வந்தது. பின்னர் இராவணேசனும் வாலிவதையும் வந்தன. இவற்றைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம். ஆனால் இடையில், 1963இல், ஒரு நொண்டி நாடகமும் வந்ததே, அதைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்? வீரர்களை நினைவில் வைத்துக்கொண்டோம், நொண்டியை மறந்துவிட்டோம். இன்றைக்கு என் பேச்சின் நடுத்தூண் அந்த நொண்டிதான்.

நொண்டி நாடகம் என்பது தமிழின் பழம்பெரும் நகைநாடக வகை. கதை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு கள்ளன். தாசி ஒருத்தியின் வலையில் விழுகிறான். கைப்பொருள் தீர்ந்ததும் துரத்தப்படுகிறான். அவளை மீண்டும் அடைய வேண்டிக் குதிரை திருடப் போகிறான். பிடிபடுகிறான், கால் போகிறது. பிறகு தெய்வத்தை நோக்கி அழுது, அந்தக் காலைத் திரும்பப் பெறுகிறான். இந்தக் கதையைச் சொல்பவன் யார்? வேறு யாருமில்லை, அவனே! தன் திருட்டை, தன் மோகத்தை, தன் முட்டாள்தனத்தைத் தானே நொண்டிக்கொண்டு வந்து ஆடிப்பாடிச் சொல்கிறான். அந்த நடைக்கென்றே ஒரு சிந்து பிறந்தது. அதற்கு நொண்டிச் சிந்து என்றே பெயரும் நின்றது. இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். திருச்செந்தூர் நொண்டி நாடகத்தில் அருள் தருபவன் முருகன். சீதக்காதி நொண்டி நாடகத்தில் அந்த நொண்டி மக்காவுக்குப் போய்க் கால் பெறுகிறான். ஒரே சிரிப்பு, ஒரே சிந்து, இரண்டு சமயம். தமிழூரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து மாலை கோத்ததுபோல் கிடக்கும் இந்தக் கரைக்கு இதைவிடப் பொருத்தமான நாடகம் ஒன்று வேண்டுமா?

1963இல் வித்தியானந்தன் செய்ததை நாம் போற்ற வேண்டும். விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கினார். படித்தவர் நாட்டார் கலை என்று ஒதுக்கிய ஆட்டத்தைப் பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றினார். மாணவியரும் கூத்தாட வழி செய்தார். ஆனால் களரியை விட்டுப் படச்சட்ட மேடைக்குப் போனபோது கூத்து ஒன்றை இழந்தது. வீரக் கூத்துக்கு அந்த இழப்பு அவ்வளவாகத் தெரியவில்லை. நகைநாடகத்துக்குத்தான் அது பெரிய இழப்பு. அது என்ன? சபையின் முகம்! வட்டக்களரியை எண்ணிப் பாருங்கள். நடுவில் கூத்தர், மத்தளம், சல்லாரி, பிற்பாட்டு. நாலாபக்கமும் சனம். பந்தமும் எண்ணெய் விளக்கும் எரிந்த காலத்திலும் சரி, பெற்றோமாக்ஸ் வந்த காலத்திலும் சரி, மின்குமிழ் தொங்கும் இந்தக் காலத்திலும் சரி, அந்த வெளிச்சம் கூத்தர் மேல் மட்டும் விழுவதில்லை. எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் மேலும் விழுகிறது. கூத்தரைப் பார்க்கும் கண், கூத்தருக்கு அப்பால் இருக்கும் அயலவரையும் பார்க்கிறது. யார் சிரிக்கிறார், யார் சிரிக்கவில்லை, எந்த வரிக்கு யார் தலை குனிகிறார் என்று எல்லாம் தெரிகிறது. மண்டபத்தில் விளக்கை அணைத்துவிட்டால் சிரிப்பவருக்கு முகம் இல்லை. முகம் இல்லாத சிரிப்புக்குப் பொறுப்பும் இல்லை.

இது நம்முடைய தனிப் பெருமை என்று சொல்ல வரவில்லை. உலகத்தின் பழைய நகைநாடகங்கள் எல்லாம் வெளிச்சத்துக்காக எழுதப்பட்டவையே. ஏதென்ஸ் நகரில் அரிஸ்டோபனீசின் நாடகங்கள் திறந்தவெளி அரங்கில் பட்டப்பகலில் நடந்தன. அவர் சோக்கிரட்டீசைக் கேலிசெய்து ‘மேகங்கள்’ எழுதினார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில், அந்த முகம் இதுதானா என்று எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று சோக்கிரட்டீசே எழுந்து நின்றார் என்று ஒரு பழங்கதை உண்டு. இருட்டு அரங்கில் அந்தக் கதை பிறந்திருக்குமா? 1599இல் எழுந்த குளோப் அரங்கமும் நடுவே கூரையில்லாதது. பிற்பகல் வெயிலில், மூன்று பக்கமும் சனம் சூழ, ஷேக்ஸ்பியரின் கோமாளிகள் சபையின் கண்ணைப் பார்த்துப் பேசினார்கள். அரங்கின் விளக்கை அணைத்துவிட்டு நாடகம் பார்ப்பது பிற்காலத்துப் பழக்கம். ஆகவே பழைய நகைநாடகத்தை வட்டக்களரிக்குக் கொண்டுவருவது, அதை ஊருக்கேற்பத் திரிப்பது ஆகாது. அது பிறந்த வெளிச்சத்துக்கே அதைத் திருப்பி அனுப்புவது ஆகும். இதுதான் என் வாதத்தின் உயிர்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதல் எதிர்வாதம் மரபின் பெயரால் வருவது. கூத்து கோயிலோடும் சடங்கோடும் பிணைந்தது, அதில் அந்நியன் எழுதிய சிரிப்பு நாடகத்தை ஏற்றினால் அது மலிந்துபோகாதா? மரபுக்கு அஞ்சும் அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மரபு எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கதையில் மட்டுமா? கூத்தருக்குப் பாத்திரம் பங்கிட்டுச் சட்டம் கொடுப்பதில் மரபு இருக்கிறது. சதங்கை அணிவதில் இருக்கிறது. வாரந்தோறும் ஆடிப் பழகும் கிழமைக் கூத்தில், அடுக்குப் பார்ப்பதில், அரங்கேற்றத்தில் இருக்கிறது. மாதக்கணக்காக ஒரு ஊரே கூடி ஒரு கூத்தை வளர்ப்பதில் இருக்கிறது. புதுக் கதை ஒன்று இந்தப் படிகள் எல்லாவற்றிலும் ஏறி வந்தால் அது மரபுக்குள் வந்த கதை. பழைய பாரதக் கதையே ஆனாலும், இரண்டு கிழமையில் ஒத்திகை பார்த்து ஒலிவாங்கி முன் நின்று பாடிவிட்டுப் போனால் அது மரபுக்கு வெளியே போன கதை.

இரண்டாவது எதிர்வாதம் மொழியைப் பற்றியது. சிலேடை பெயராது, ஆங்கிலச் சிரிப்புத் தமிழில் சிரிக்காது என்பார்கள். உண்மைதான், சிலேடை பெயராது. ஆனால் நிலைமை பெயரும். பம்மல் சம்பந்த முதலியார் ‘வாணீபுர வணிகன்’ எழுதியபோது ஊரையும் பேரையும் தமிழாக்கித்தானே சபையைக் கவர்ந்தார்? சொல்லால் வரும் சிரிப்பைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. அதை இங்கேயே விளைவிக்கலாம். மட்டக்களப்புப் பேச்சைப்போல நக்கலுக்கு வாகான பேச்சு எங்கே இருக்கிறது? பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியிலேயே நாடகம் எழுதிச் சிரிப்பு மூட்டிக் காட்டினார். வாவிக்கு மேற்கே உள்ள நம் படுவான்கரைப் பேச்சுக்கு மட்டும் அந்த வலு இல்லையா?

மூன்றாவது எதிர்வாதம் கனமானது. முப்பது ஆண்டுப் போர் தின்ற மண் இது. 2004 மார்கழி 26ஆம் நாள் கடல் வந்து நாவலடியையும் கல்லடியையும் அள்ளிக்கொண்டு போன கரை இது. இங்கே சிரிப்பு நாடகமா? இந்தக் கேள்வியைக் கேட்பவரின் வாயை அடைக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் நகைநாடகம் துயரம் தெரியாதவர்களின் பொழுதுபோக்கு என்பது பிழை. ஏதென்ஸ் நீண்ட போரில் சிக்கி, தன் பிள்ளைகளைப் புதைத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் அரிஸ்டோபனீஸ் எழுதினார். போரை நிறுத்தப் பெண்கள் கூடித் திட்டமிடும் அவருடைய நாடகம் கி.மு. 411இல் வந்தது. ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ கதை எப்படித் தொடங்குகிறது? கப்பல் உடைகிறது. ஒரு பெண் கரை ஒதுங்குகிறாள். கூடப் பிறந்தவனைக் கடல் கொண்டுவிட்டது என்று எண்ணுகிறாள். அவனும் அவளைப் பற்றி அப்படியே எண்ணுகிறான். கடல் பிரித்த அந்த இரட்டையர் கடைசிக் காட்சியில் எதிரெதிரே நிற்கிறார்கள். அந்தக் காட்சியை இந்தக் கரையில் உள்ளவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று சற்று எண்ணிப் பாருங்கள். சிரிப்பார்களா, அழுவார்களா? இரண்டும் நடக்கும். கூடியவர்களைக் கண்டு சிரிக்கும் வாய், கூடாமலே போனவர்களை நினைத்து விம்மும். அந்தப் பெண் அந்நிய ஊரில் பிழைக்க ஆண் உடை தரிக்கிறாள். ஷேக்ஸ்பியர் காலத்தில் பெண் வேடத்தையும் பையன்களே கட்டினார்கள். நம் மரபிலும் ஆண்களே பெண் வேடம் கட்டினார்கள். ஆண் ஒருவன் பெண்ணாகி, அந்தப் பெண் மறுபடி ஆணாவதை விளங்கிக்கொள்ள நம் சபைக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

நான்காவது எதிர்வாதம் எல்லாவற்றிலும் கூர்மையானது. அதை நான் முழுதாக ஏற்றுக்கொள்கிறேன். பழைய நகைநாடகம் பெரும்பாலும் மெலியவரைப் பார்த்துச் சிரிக்கிறது. வெனிஸ் வணிகனில் யூதனைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது. பன்னிரண்டாம் இரவில் மேல்நிலைக்கு ஆசைப்பட்ட வேலைக்காரனை இருட்டறையில் அடைத்துவிட்டுச் சிரிக்கச் சொல்கிறது. நம் கூத்து மட்டும் சுத்தமா? பறையறைபவரும் துணி வெளுப்பவரும் குறவரும் களரிக்கு வந்தால், சாதியைச் சொல்லிச் சிரிப்பு மூட்டிய பகுதிகள் நம் கொப்பிகளில் இல்லையா? நொண்டி நாடகத்தையே எடுங்கள். 1963இல் கால் இழந்தவன் ஆடிவந்தபோது சபை சிரித்தது. கண்ணிவெடியிலும் எறிகணையிலும் கால் இழந்தவர்கள் வாழும் ஊர்களில் இன்று அதே ஆட்டத்தை அதேபோல ஆட முடியுமா? முடியாது. முடியாது என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

அப்படியானால் தூக்கி எறிந்துவிடுவதா? இங்கேதான் வட்டக்களரி நமக்குக் கைகொடுக்கிறது. சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அவரோடு நின்றவர்களும் கூத்து மீளுருவாக்கம் என்று ஒரு பணியைச் செய்தார்கள். கூத்தை ஆடும் மக்களோடே உட்கார்ந்து, சாதியையும் பெண்ணையும் இழிவு செய்யும் இடங்களைப் பேசி, வாதாடி, மாற்றி எழுதி ஆடுவது அந்தப் பணி. அதே வழியில் நகைநாடகத்தையும் எடுக்கலாம். கால் இழந்தவர் ஒருவர் எதிர்ப்பக்கத்தில் வெளிச்சத்தில் அமர்ந்திருக்கும்போது, நொண்டியின் காலைப் பார்த்துச் சிரிக்க யாருக்கு வாய் வரும்? அப்போது கூத்தரும் சபையும் சேர்ந்து சிரிப்பின் திசையைத் திருப்பியே ஆக வேண்டும். நொண்டி நாடகத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. அவன் தன் காலைக் கேலி செய்யவில்லை, தன் திருட்டையும் தன் பேராசையையும் கேலி செய்கிறான். அந்த நடையை மாற்றிக் கட்டுவது அண்ணாவியாரின் வேலை. பேராசை கொண்டவர்கள் வேறு உருவில், வேறு உடுப்பில் ஊரில் இருக்கிறார்கள், அவர்களைக் களரிக்குக் கொண்டுவருவது எழுதுபவரின் வேலை. இருட்டறையில் அடைபட்ட அந்த வேலைக்காரன் கடைசியில் கோபத்தோடு வெளியேறுகிறான். மண்டப மேடையில் அவன் பக்கத் திரைக்குள் மறைந்துவிடுவான். களரியில் அவன் சனத்துக்கு நடுவால் நடந்து போக வேண்டும். சிரித்தவர்கள் வழிவிட வேண்டும். சிரித்த முகங்களை அவன் பார்த்துக்கொண்டே போவான். அந்த நடையில் நாடகம் முழுவதும் இன்னொரு பொருள் கொள்ளும்.

ஆகவே, இந்த வாவிக்கரையின் நாடகக் குழுக்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். ஒரு நகைநாடகத்தைத் தெரிவு செய்யுங்கள், நொண்டியோ பன்னிரண்டாம் இரவோ உங்கள் விருப்பம். முதலில் அண்ணாவியாரிடம் போங்கள், நெறியாளர் அவருக்குப் பக்கத்தில் உட்காரட்டும். தென்மோடித் தருவில் பாட்டைக் கட்டுங்கள். பேச்சை ஊர்ப் பேச்சில் எழுதுங்கள். கிழமைக் கூத்துக்குச் சனத்தை வரவிடுங்கள், எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று பாருங்கள், எந்த இடத்தில் சிரித்துவிட்டு முகம் சுண்டுகிறார்கள் என்றும் பாருங்கள், கொப்பியைத் திருத்துங்கள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஒரு களரி, மேற்கே படுவான்கரையில் ஒரு களரி என்று இரண்டிலும் ஆடுங்கள். அரங்கேற்ற இரவில் மின்விளக்குக்காரர் வந்து, சபைப் பக்கத்து விளக்கை அணைக்கவா என்று கேட்பார். வேண்டாம் தம்பி, எரியட்டும் என்று சொல்லுங்கள்.

 வணக்கம்.